யோகலட்சுமி முகத்தில் பச்சைக் கட்டங்கள்

சீனிவாசகத்துக்கு எதிலும் அவசரம். சிவகாசியில் அச்சாபீஸை ஒட்டிய சந்தில் வீடியோ ஸ்டூடியோ வைத்திருந்தார். வைகாசியும் ஆனியும் கல்யாண சீசன். ஒரு கல்யாணக் கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி டிவிடியாக மாற்ற அரை நாளுக்கு மேல் பிடிக்கும். அதைக் குறைக்க, மதுரையில் யாரோ சொல்லிக்கொடுத்தார்கள் என்று பிராசசரைக் கம்பெனி வைத்த வேகத்துக்கு மேலே ஓடவிட்டார். ஓவர்கிளாக் என்பார்கள். சிவகாசி வெயிலில் அந்த வேலை ஆகாது. கம்ப்யூட்டர் மெக்கானிக் முனியராஜ் என்று ஒருவன், அதாவது நான், கூப்பிடு தூரத்தில்தான் இருந்தேன். என்னை யார் கேட்டார்கள்?

இரண்டாயிரத்து நாலு வைகாசியில் ஆனைக்குட்டம் பஞ்சம்மாள் வீட்டுக் கல்யாணம் நடந்தது. தோட்டம் துரவு உள்ள குடும்பம். மகன் அழகுராஜாவுக்கு அச்சங்குளத்திலிருந்து யோகலட்சுமியைக் கட்டினார்கள். டிவிடி வந்த அன்று சொந்தபந்தமெல்லாம் டிவி முன்னால் கூடிவிட்டது. தாலி கட்டுகிற இடத்தில் படம் உடைந்து, பெண்ணின் முகம் பச்சைக் கட்டங்களாகச் சிதறியது. நாதஸ்வரமும் விக்கியது. யாரோ ஒருத்தி சிரித்தாள். பஞ்சம்மாள் சிரிக்கவில்லை.

சீனிவாசகம் கேசட்டை மறுபடி ஏற்றி வேறு டிஸ்க் போட்டுக் கொடுத்தார். அதில் தாலி கட்டுவது நன்றாக வந்திருந்தது. வலது காலை எடுத்து வைத்து வீட்டுக்குள் வரும் இடத்தில் முகம் போய்விட்டது. மூன்றாவது டிஸ்க்கில் பால் பழம் கொடுக்கும்போது போனது. பஞ்சம்மாள் மகனையும் மருமகளையும் கூட்டிக்கொண்டு ஸ்டூடியோவுக்கே வந்துவிட்டாள். அப்போதுதான் எனக்கு ஆள் விட்டார்கள்.

மூன்றையும் போட்டுப் பார்த்தேன். கேசட்டில் கோளாறு என்றால் மூன்றிலும் ஒரே இடத்தில் உடைய வேண்டும். இடம் மாறி மாறி உடைகிறதென்றால் மெஷின் சூடு தாங்காமல் தப்புக் கணக்குப் போடுகிறது என்று அர்த்தம். எனக்கு அது பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. பஞ்சம்மாளுக்கும் பட்டவர்த்தனமாகத் தெரிந்தது, வேறு மாதிரி. கோளாறு இடம் மாறி மாறி இந்தப் பெண்ணைத் தேடிப் போகிறது என்றாள்.

கல்யாண வீடியோவில் பெண் முகம் இல்லாத இடம் எங்கே இருக்கிறது? பந்தியில் சாம்பார் வாளி தூக்கியவன் முகமும்தான் உடைந்திருந்தது. அவனை யார் பார்த்தார்கள்?

மெஷினில் ஏதும் பழுதா என்று பஞ்சம்மாள் சீனிவாசகத்தைக் கேட்டாள். ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். ஆனால் கடையில் வேறு இரண்டு கல்யாண வீட்டுக்காரர்கள் நின்றிருந்தார்கள்.

"மெஷினுக்கு ஒரு குறையுமில்ல ஆத்தா. மத்தவுக படமெல்லாம் நல்லாத்தான இருக்கு" என்றார்.

வாய் கூசாமல் சொன்னார். மற்றவர்கள் படத்திலும் கட்டம் விழுந்துகொண்டுதான் இருந்தது, அவர்கள் கண்டுகொள்ளவில்லை. நான் வாயெடுத்தேன். பெரியாட்கள் பேசும்போது உனக்கென்ன என்று அழகுராஜா என்னை அடக்கிவிட்டான்.

அவர்கள் படியிறங்கும்போது யோகலட்சுமி மட்டும் பின்தங்கினாள். கிணற்று மோட்டார் எரிந்ததற்கும் தன்னைத்தான் சொல்கிறார்கள் என்றாள்.

"எம் மூஞ்சிய எப்படியாச்சும் சரி பண்ணிக் குடுங்கண்ணே. இல்லன்னா ஆடிக்குப் போறவள திரும்பக் கூப்பிட மாட்டாக."

புதுப்பெண் ஆடியில் தாய் வீட்டுக்குப் போவதும், ஆவணியில் மாப்பிள்ளை வீட்டார் வந்து அழைத்துப்போவதும் எங்கள் பக்கம் வழக்கம். அதற்குள் சரி செய்துவிடுகிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன்.

சீனிவாசகம் மெஷினைத் தொடவே விடவில்லை. சீசனில் நிறுத்தினால் ஆர்டர் போய்விடுமாம். ஆடி பிறந்து கல்யாணங்கள் ஓய்ந்த பிறகுதான் திருப்புளியைக் கையில் எடுக்க முடிந்தது. அதற்குள் யோகலட்சுமியை அனுப்பிவிட்டார்கள். ஒரு மாசத்துக்குப் போகிறவளிடம் அவள் துணிமணி அத்தனையையும் கட்டிக் கொடுத்தார்களாம்.

கேபினெட்டைத் திறந்தேன். பக்கத்து அச்சாபீஸில் மை ஒட்டாமலிருக்கத் தூவும் வெள்ளைப் பவுடர் பறந்து வந்து பிராசசர் ஃபேனில் அப்பிக் கிடந்தது. சுரண்டித் துடைத்து, வேகத்தைக் கம்பெனி சொன்ன அளவுக்கு இறக்கி, கேசட்டை முதலிலிருந்து ஏற்றினேன். தாலி, வலது கால், பால் பழம் எல்லாம் பளிச்சென்று வந்தன. எவ்வளவு லட்சணமான பெண் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு அப்படியொரு சந்தோஷம். கிறுக்கன்!

டிஸ்க்கை நானே ஆனைக்குட்டத்துக்குக் கொண்டுபோனேன். எங்கள் ஆட்களை அந்த வீட்டில் உள்ளே விடமாட்டார்கள். வாசலில் நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். படம் ஓடி முடியும்வரை ஒரு கட்டம் விழவில்லை.

இதை எப்போது செய்தாய் என்று பஞ்சம்மாள் கேட்டாள். முந்தாநாள் என்றேன். சூடு, பவுடர், வேகம் எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகத் தலையாட்டிக் கேட்டுவிட்டு மகனிடம் திரும்பினாள்.

"கேட்டியாலே? அவ வாசலத் தாண்டிப் போகவும் படமும் தெளிஞ்சிருச்சு பாரு."

இன்னொரு தடவை ஓடவிட்டிருந்த படத்தில் அழகுராஜா தாலி கட்டிக்கொண்டிருந்தான். பெண் வராத இடங்களை மட்டும் சேர்த்து ஒரு டிஸ்க் போட்டுத் தர முடியுமா என்று பஞ்சம்மாள் என்னைக் கேட்டாள்.

மறுநாள் ஸ்டூடியோவுக்குப் போன் வந்தது. அச்சங்குளத்திலிருந்து யோகலட்சுமி. அவளுக்கு இன்னும் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

"படம் சரியாயிருச்சாண்ணே?"

"சரியாயிருச்சும்மா."

"ஒரு கட்டங்கூட இல்லையே?"

"ஒன்னுகூட இல்ல."

அவள் அழுவது கேட்டது. அப்புறம், ஆவணி பிறந்ததும் கூப்பிட வந்துவிடுவார்கள் என்று பக்கத்திலிருந்த தன் அம்மாவிடம் சொல்வதும் கேட்டது.