நாமும் நாங்களும்

...ஒரு சொல்தானே, மாற்றினால் குடியா முழுகிவிடும் என்று கேட்டார் பேராசிரியர், முழுகும், அதைத்தானே இவள் இருநூறு பக்கம் எழுதியிருக்கிறாள், துறை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து மடியிலிருந்த ஆய்வேட்டை ஒரு தட்டுத் தட்டினாள்... தலைப்பில் மத தேசியம் கூடாதாம், பண்பாட்டு எழுச்சி என்று போட்டால் கையெழுத்தாம், ஐந்து மணிக்குள் அது விழாவிட்டால் மூன்று வருட உழைப்பு விழலுக்கு இறைத்த நீர். பழைய மேடைப் பேச்சுகளைக் கண் எரியப் படித்தவள் இவள், முதலில் எல்லாப் பேச்சிலும் நாம் என்றே இருந்தது, ஊரே அதில் அடங்கியது, பிறகு ஒரு கூட்டத்தில் ஒருவர் நாங்கள் என்றார், எதிரே நின்று கேட்டவன் அந்த நிமிஷமே அந்நியனாகிப் போனான், அதற்கு இலக்கணமே போதுமாயிருந்தது. இதைக் கண்டுபிடித்த அன்று நூலகத்தில் தனியாகச் சிரித்தாள், மறை கழன்றுவிட்டது என்று நூலகர் நினைத்திருப்பார், நினைக்கட்டுமே.

அப்பாவுக்கு இது விளங்கவே இல்லை... அல்லது விளங்கித்தான் பயந்தாரா? தையல்காரர், அதே மேடைக்காரர்களின் ஊர்வலத்துக்குக் கொடி தைப்பவர், அந்தக் கொடிகளுக்கு ஓரம் அடித்தவளும் இவள்தான், அந்தக் கூலியில்தான் படித்தாள், இருக்கட்டும், சோறு போட்டதால் வாயைத் தைத்துக்கொள்ள முடியுமா? நமக்கெதுக்கும்மா வம்பு என்று காலையில்கூட ஊசியில் நூல் கோத்தபடி சொன்னார், நமக்காம், இவளைக் கேட்காமலே அந்த நமக்குள் இழுத்துப் போட்டுக்கொள்கிறார்கள், எரிச்சலாக வந்தது. சற்று முன் பேராசிரியரும் அதே பாட்டுத்தான், நாம ஏன் இதையெல்லாம் கிளறணும் என்றார். "நாம இல்ல சார், நான்" என்றாள், அவர் பேனாவை மூடிவிட்டார். மூடட்டும், யார் காலிலும் விழப்போவதில்லை, ஓர் எழுத்தும் மாறாது.

கைபேசி அடித்தது, அப்பாதான், பின்னால் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, கையெழுத்து ஆச்சாம்மா என்றார். ஆகவில்லை, ஆகாமலே போகலாம், மாற்றமாட்டேன் என்று ஒரே மூச்சில் கொட்டினாள். "நீங்கல்லாம் பயந்துக்கிட்டே இருங்கப்பா, நாங்க எழுதத்தான் செய்வோம்."

மிஷின் நின்றது. "நாங்கன்னா யாரும்மா?" என்றார் அப்பா, குரலில் கோபமே இல்லை, தெரியாததைக் கேட்கிறவர் போலத்தான் கேட்டார். "அதுல நான் இல்லையா?"

யார்... பெஞ்சில் இவளைத் தவிர யாரும் இல்லை, வாய் தவறி வந்த சொல் என்று சொல்லிவிடலாம், வாய் தவறியா வந்தது? இருநூறு பக்கத்தில் எங்கோ இதற்குப் பதில் எழுதியிருக்க வேண்டும், புரட்டினாள், தலைப்பை மாற்றப்போவதில்லை, அது முடிந்த பேச்சு, ஆனால் அந்தப் பக்கம் கிடைக்கவில்லை, மறுமுனையில் மிஷினும் ஓடவில்லை, அப்பா இன்னும் வைக்காமல் காத்திருந்தார்.