தலையணைக்கடியில் சங்கு

வாஞ்சிநாதனின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தபோது அவர் தலைமாட்டிலிருந்து சங்கு ஊதியது.

"பொணத்தை எடுக்கறதுக்குள்ளயே யார்டா சங்கு ஊதறது? மாடியில அந்த வங்காளி போஸ் வீட்டுப் பூஜையா?" ராம்கி மாமா துள்ளி எழுந்தார். அக்கா புருஷன் போன துக்கத்தைவிட அந்தச் சத்தம்தான் அவரை உலுக்கிவிட்டது.

மகன் ஜெயந்துக்கு மட்டும் தெரியும். தலையணைக்கடியில் கைவிட்டு டேப்லெட்டை உருவினான். திரையில் ஹூக்ளி நதி. ஹவுரா படித்துறையில் ஆள் ஏற்றும் ஒரு ஃபெர்ரிப் படகு. ஓட்டுகிறவர் சும்மா இருந்தால் அது சங்கு ஊதிக் கூப்பிடும். அந்த யோசனையும் இவனுடையதுதான்.

ஜாதவ்பூர் காலேஜ் நண்பர்களோடு செய்த வங்காள கேம் அது. ஏறும் பயணிகள் ஒவ்வொருவரும் ஒரு கதை சொல்வார்கள். அத்தனையும் இவன் உயிரைக் கொடுத்து எழுதியது. அப்பாவோ ஒருத்தரைக்கூட வாயைத் திறக்க விட்டதில்லை. சிவப்புப் பொத்தானை ஒரே அழுத்து. கதை காலி, படகு கிளம்பிவிடும்.

"படகு விடறது சுகமா இருக்குடா. கேம்னா அதான். கதைகிதையெல்லாம் எதுக்கு?" என்பார்.

"கதை இல்லேன்னா அது வெறும் பொம்மைப்பா! கேக்க மாட்டேள்னா தொடாதீங்கோ!" நேற்று ராத்திரி கத்திவிட்டுப் போய்ப் படுத்தான். காலையில் அப்பா எழுந்திருக்கவில்லை. கடைசியாகப் பேசின பேச்சு அதுவாகவா இருக்க வேண்டும், பாழாய்ப்போன வாய்!

"ஒரு கதையாவது கேட்டிருக்கலாம்மா," என்றான்.

அம்மா அலமு மூக்கைச் சிந்தினாள். "எப்படிடா கேப்பார்? எல்லாம் எழுத்துன்னா வருது. அவருக்குத்தான் வங்காளம் வாசிக்க வராதே."

"என்னம்மா சொல்றே? டாக்ஸிக்காரனோட வங்காளத்துல அந்தச் சண்டை போடுவார்!"

"சண்டைக்கு வாய் போறும். இத்தனை வருஷமா பஸ்ஸை நம்பர் பார்த்துதான் ஏறினார். பையன் எழுதினதைப் படிக்கத் தெரியலேன்னு சொல்ல வெட்கம். கதை வேண்டாம்னு சொல்லிட்டா விட்டுடுவான்னார். நீ எங்க விட்டே?"

வீட்டில் தமிழ், தெருவில் வங்காளம் என்றே வளர்ந்தவனுக்கு இது ஒருநாளும் தோன்றவில்லை. அவமானமாக இருந்தது. அப்பா பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தான். திரையில் ஒரு பயணி ஏறினான். சிவப்புப் பொத்தான் மின்னியது. ஜெயந்த் அதைத் தொடாமல், தட்டுத்தடுமாறித் தமிழில் சொல்ல ஆரம்பித்தான்.

"ஒருத்தன் ஆட்டோட வரான்ப்பா. ஆட்டுக்கு டிக்கெட் கேக்கறா. அது ஆடில்லே, என் மச்சினன்ங்கறான்..."

ராம்கி மாமாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஏண்டா, பொணத்துக்கிட்ட என்னடா ஆடு, மச்சினன்னு?"

"நீ சும்மா இரு," என்றாள் அலமு. "அப்புறம்?"

"கண்டக்டர், அப்போ மச்சினனுக்கு டிக்கெட் எடுங்கறான். உடனே இவன், இல்லே இல்லே, ஆடுதான்ங்கறான்..."

அலமுவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. ஜெயந்தும் அழுதுகொண்டேதான் சொன்னான்.

வாசலில் பிண வண்டி ஹார்ன் அடித்தது. மாமா பரபரத்தார். "வண்டி வந்தாச்சு, எழுந்திருங்கோ, எழுந்திருங்கோ!"

"இருக்கச் சொல்லு, ராம்கி," என்றாள் அலமு. "ஆடு இன்னும் இறங்கலே."