பெயர் இல்லாத மன்னிப்பு

ஓஹாயோவில் எங்கள் பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணிக்கு மன்னிப்பு எழுதித் தருவது என் வேலை. வீரர்கள் தப்பு செய்வார்கள், நான் வருந்துவேன். பதினோரு வருட அனுபவம். என் மனைவியிடம் மட்டும் நான் எழுதிய எதுவும் எடுபட்டதில்லை.

சனிக்கிழமை ஆட்டத்தில் எங்கள் நட்சத்திரம் டேரல் பூத், தன்னைத் தடுக்க வந்த எதிரணிப் பையனை மோதிச் சாய்த்தான். பிறகு குத்துச்சண்டை நடுவர் மாதிரி அவன் மேல் குனிந்து பத்து வரை எண்ணினான். அரங்கமே கூடச் சேர்ந்து எண்ணியது. நானும்தான். பையன் எழுந்திருக்கவில்லை. கழுத்தெலும்பு முறிந்துவிட்டது, இனி நடக்க மாட்டான் என்றார்கள்.

மறுநாள் காலை டேரல் ஒரு நோட்டுத்தாளோடு வந்தான். கண்கள் வீங்கியிருந்தன.

"நானே எழுதிட்டேன் சார். இதையே படிக்கிறேனே."

"நீ ஓடுறதைப் பாருப்பா, எழுதுறதை நான் பாத்துக்கிறேன். இப்படித் தப்பை ஒத்துக்கிட்டா, யுனிவர்சிட்டி வக்கீல்கிட்ட என் கழுத்துதான் போகும்" என்றேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனாலும் சிவப்புப் பேனாவை எடுத்தேன்.

திங்கட்கிழமை கேமராக்கள் முன்னால் அவன் என் வாசகத்தைப் படித்தான்: "யார் மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்."

மாலையில் அந்தப் பையனின் அப்பா போன் செய்தார். குரலில் கோபமே இல்லை.

"கோல்பி டிவி பாத்தான் சார். 'அவனுக்கு என் பேரே தெரியாதாப்பா?'ன்னு கேக்குறான். நான் என்ன சொல்லட்டும்?"

"தெரியும்னு சொல்லுங்க" என்றேன். போனை வைத்தேன்.

டேரலின் தாள் என் மேசையில்தான் கிடந்தது. அதில் கோல்பி ரென்ஃப்ரோ என்ற பெயர் மூன்று இடங்களில் இருந்தது. மூன்றையும் ஸ்கேல் வைத்து, நேர்க்கோடாக, நான்தான் அடித்திருந்தேன்.