படிக்கட்டுக் கிராப்

ஃப்ரிட்ஜ் மெக்கானிக்குக்குத் தலைமுடி ரொம்ப அடர்த்தி. ஐம்பதை நெருங்கியும் ஓரிடத்தில்கூட வழுக்கை எட்டிப் பார்க்கவில்லை. மூன்று வாரம் விட்டால் காதை மூடும். நான்கு வாரம் விட்டால் சட்டைக் காலருக்குள் இறங்கும். அதனால் பதினெட்டு வருஷமாக, மூன்று வாரத்துக்கு ஒருமுறை தவறாமல், தெருமுனை சலூனில் போய் உட்கார்ந்துவிடுவார். சலூன்காரர் அவரைவிட நாலைந்து வயது பெரியவர். மெக்கானிக் அவரை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவார். அந்த அரை மணி நேரத்தில் கத்தரி ஓடியதைவிடப் பேச்சு ஓடியதுதான் அதிகம்.

அந்த வழக்கத்துக்கு வேட்டு வைத்தது விலைவாசி. வருஷ ஆரம்பத்தில் வாடகை ஏறியது. அது ஏறிய கையோடு பால், சமையல் எண்ணெய், பஸ் டிக்கெட், கரண்ட் எல்லாம் சொல்லி வைத்தாற்போல் ஏறின. மெக்கானிக்குக்கு வேலை மட்டும் இறங்கியது. முன்பெல்லாம் ஃப்ரிட்ஜ் லேசாக முனகினாலே போன் செய்கிறவர்கள், இப்போது அது அடியோடு நின்றுபோனாலும் இரண்டு நாள் தட்டிக்கொட்டிப் பார்த்துவிட்டுத்தான் கூப்பிட்டார்கள். மனைவி ஒரு பேக்கரியில் கேக் வெட்டி அடுக்கும் பிரிவில் இருந்தாள். அங்கே கேக்கின் விலை ஏறியதே தவிர சம்பளம் ஏறவில்லை. மாதக் கடைசி வாரம் கையைக் கடிக்க ஆரம்பித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மனைவி அவரையும் பள்ளிக்கூடம் போகும் மகளையும் சாப்பாட்டு மேஜைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். கையில் காகிதம் எதுவும் இல்லை. எல்லாம் மனசிலேயே போட்டு வைத்திருந்தாள். துணியை இனி இஸ்திரிக் கடைக்குக் கொடுப்பதில்லை. மகள் சாயங்காலம் போனில் ஆர்டர் செய்து வரவழைக்கும் தீனிகள் இல்லை. பக்கெட்டில் பிடித்துத்தான் குளியல். ஷவர் சும்மா அழகுக்கு. ஒவ்வொன்றுக்கும் மெக்கானிக் தாராளமாகத் தலையாட்டினார். எதுவும் தன் மேல் வந்து விழவில்லையே என்ற தெம்பு. கடைசியாக அவள் சலூன் என்றாள்.

ஆட்டிக்கொண்டிருந்த தலை அப்படியே நின்றது. முடி அதுபாட்டுக்கு வளருமே, அதை எப்படி நிறுத்துவது என்று கேட்டார்.

"முடி வளரட்டும். நான் வெட்டிவிடறேன்" என்றாள் மனைவி.

"உனக்கு வெட்டத் தெரியுமா?"

"ஒரு நாளைக்கு முந்நூறு கேக் வெட்டறேன். ஒண்ணாவது கோணலா போச்சுன்னு இதுவரைக்கும் யாரும் சொல்லல. உங்க ஒரு தலை எனக்குப் பெரிசா?"

மகள் சிரிக்க வாயெடுத்து, அப்பாவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள். இஸ்திரிக்கும் ஷவருக்கும் பெருந்தன்மையாகச் சம்மதித்துவிட்டு இதற்கு மட்டும் முரண்டு பிடித்தால் நன்றாக இருக்காது. மெக்கானிக் தலையைக் கொடுத்துவிட்டார்.

மனைவி மூன்று நாள் போனில் வீடியோ பார்த்துப் படித்தாள். அடுத்த ஞாயிறு பால்கனியில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, பழைய போர்வையை அவர் கழுத்தில் முடிந்து, தையல் கத்தரியும் சீப்புமாக வேலையை ஆரம்பித்தாள். வலது பக்கம் நன்றாகவே வந்தது. இடது பக்கம் அதைவிடக் கொஞ்சம் குட்டையாகப் போனது. சமன் செய்ய வலது பக்கம் வந்தாள். அது இன்னும் குட்டையானது. இப்படியே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக அவள் சுற்றி வந்துகொண்டிருந்தாள்.

மெக்கானிக் முதலில் உடம்பை விறைப்பாக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். ஆனால் நேரம் போகப் போக அந்த விறைப்பு இளகிவிட்டது. அவள் விரல் வந்து தாடையை நிமிர்த்தியது, காதை மடக்கிப் பிடித்தது, பிடரியில் ஒட்டிய முடியை ஊதித் தள்ளியது. வெட்டிக்கொண்டே பேசினாள். பேக்கரிக்குப் புதிதாக வந்த மெஷின் முதல் நாளே பழுதாகி நின்றதைச் சொன்னாள். பக்கத்தில் நின்று வேலை செய்யும் பெண் வாரம் முழுக்க அழுதுகொண்டிருந்ததையும், காரணம் கேட்டால் பல்வலி என்று சொன்னதையும் சொன்னாள். இதெல்லாம் அவர் கேள்விப்படாத சேதிகள். இரண்டு பேரும் வேலைக்கு ஓடுவதும் திரும்பி வந்ததும் அடுத்த வேலையைப் பார்ப்பதுமாகவே வருஷங்கள் போயிருந்தன. ஒரே இடத்தில் முக்கால் மணி நேரம், வேறு ஜோலி இல்லாமல், இப்படி இருந்து எவ்வளவு நாளாயிற்று என்று யோசித்துப் பார்த்தார். ஞாபகம் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

போர்வையை உதறியபோது மகள் வந்து பின்பக்கமாக நின்று பார்த்தாள். பிடரியில் மூன்று அடுக்கு தெளிவாகத் தெரிந்தது.

"அப்பா, கால் வச்சு மேல ஏறிடலாம் போலருக்கு" என்றாள்.

மனைவியின் முகம் சுருங்கிப்போனது. மெக்கானிக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, காற்றோட்டமாக நன்றாகத்தான் இருக்கிறது என்றார். அதைக் கேட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மூன்று பேருமாகச் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

வீட்டுக்குள் சிரித்தாயிற்று, வெளியே எப்படிப் போவது? உதிரி பாகக் கடையில் எப்போதோ இலவசமாகக் கொடுத்த தொப்பி ஒன்று கிடந்தது. அதை மாட்டிக்கொண்டார். வாடிக்கையாளர்கள் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சிக்கல் தெருமுனையில்தான் இருந்தது. மெயின் ரோட்டுக்கு நேர்வழி சலூனைத் தாண்டித்தான் போகிறது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் சலூன்காரர் நிற்பார். அவர் கண் முதலில் போவது மனுஷனின் முகத்துக்கு அல்ல, முடிக்கு. போன மாதம்தான் அவர் கூலியைக் கொஞ்சம் ஏற்றியிருந்தார். ஏற்றியதற்கு மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஒரு சின்ன அட்டையும் எழுதித் தொங்கவிட்டிருந்தார். இப்போது வேறொரு கை பட்ட தலையோடு போய் நின்றால், விலை ஏற்றியதும் பதினெட்டு வருஷப் பழக்கத்தை உதறிவிட்டு வேறு கடைக்குப் போய்விட்டான் என்றுதானே நினைப்பார்?

அதனால் மெக்கானிக் காய்கறிச் சந்துக்குள் புகுந்து சுற்றிப் போக ஆரம்பித்தார். பத்து நிமிஷம் கூடுதல். தோளில் கருவிப் பை, சில நாள் கையில் ஃப்ரிட்ஜுக்கு ஏற்றும் கேஸ் சிலிண்டர். இரண்டு மாதம் சலூன் பக்கம் தலைகாட்டவே இல்லை. இதற்கிடையில் பால்கனியில் இன்னும் இரண்டு ஞாயிறு கத்தரி ஓடியது. மூன்று அடுக்கு இரண்டாகக் குறைந்தது. மனைவி தேறிக்கொண்டுதான் வந்தாள்.

ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு சலூன்காரரின் மனைவியிடமிருந்து போன் வந்தது. வீட்டு ஃப்ரிட்ஜில் குளிர்ச்சியே இல்லை, கொஞ்சம் உடனே வர முடியுமா என்று கேட்டார். பிறகு குரலைத் தணித்து, அவர் கடையில் இருக்கிறார், மதியம் ஒன்றரைக்குத்தான் சாப்பிட வருவார், அதற்குள் வந்துவிட்டுப் போனால் நல்லது என்றார்.

சலூன்காரருக்குத் தெரியாமல் வர வேண்டும் என்றால் மெக்கானிக்குக்கும் அது வசதிதான். வேறு எதுவும் கேட்காமல் கிளம்பினார்.

வீடு சலூனுக்குப் பின்னால் இரண்டாவது தெரு. சமையலறை மூலையில் ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து போட்டுக்கொண்டு நின்றது. உள்ளே ஒரு தண்ணீர் பாட்டில்கூட இல்லை. ஃப்ரீசரைப் பார்த்ததுமே அவருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. அடித்தகட்டில் நீளமாக ஒரு கீறல், அதன் முனையில் ஊசி நுழைகிற அளவு ஓட்டை. கத்தியால் ஐஸைச் சுரண்டுகிறவர்கள் எல்லாரும் செய்கிற வேலை. கேஸ் மொத்தமும் போயிருந்தது.

"யார் அண்ணி இதுல கத்தி போட்டது?"

அந்தம்மா புடவைத் தலைப்பை விரலில் சுற்றியபடி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். கதவு ரப்பர் தளர்ந்து ஐஸ் மலை மாதிரி கட்டிக்கொண்டதாம். மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்று அந்தம்மா சொன்னதற்கு, இந்த விலைவாசியில் ஐஸ் எடுக்கக்கூட ஆள் வைக்க வேண்டுமா, நான் தினமும் கத்தி பிடிக்கிறவன்தானே என்று சலூன்காரரே உட்கார்ந்துவிட்டாராம். ஸ்ஸ் என்று சத்தம் வந்த பிறகுதான் கையை எடுத்தாராம். ஒன்பது நாளாகிவிட்டது. இரண்டு வேளையும் பால் தனித்தனியாக வாங்கி, மிச்சமானதைக் கொட்டி, மிச்சம் பிடிக்க நினைத்ததைவிட இரண்டு மடங்கு போய்விட்டது.

"உங்களக் கூப்பிடவே கூடாதுன்னுட்டாரு தம்பி. நான் ரேட்டு ஏத்தினதுல மெக்கானிக்குக்கு என் மேல கோவம், ரெண்டு மாசமா இந்தப் பக்கமே வரல, எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுக் கூப்பிடறதுன்னு சொன்னாரு."

கோபமெல்லாம் இல்லை என்று மெக்கானிக் முணுமுணுத்துவிட்டு, டார்ச் லைட்டைப் போட்டுக்கொண்டு ஃப்ரீசருக்குள் தலையை நுழைத்தார். தொப்பியின் முனை இடித்தது. கழற்றி அடுப்பு மேடையில் வைத்துவிட்டு மறுபடியும் நுழைத்தார். ஓட்டையைச் சுத்தம் செய்து அடைப்பதில் முழுக் கவனமாக இருந்ததால், வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதே அவர் காதில் விழவில்லை.

கடையில் ஆள் இல்லை என்று சலூன்காரர் அன்றைக்குச் சீக்கிரமே வந்துவிட்டார். சமையலறை வாசலில் நின்றார். முகம் தெரியவில்லை. முகம் எதற்கு? பதினெட்டு வருஷமாகப் பார்த்த பிடரி. அதில் இரண்டு படிக்கட்டு.

"யாரு வெட்டினது இது?" என்றார்.

மெக்கானிக் தலையை வெளியே எடுக்கவில்லை. அப்படியே இருந்து, "ஃப்ரீசர்ல ஓட்டை போட்டது யாருண்ணே?" என்று கேட்டார்.

முதலில் சிரித்தது அந்தம்மாதான். அதன் பிறகு சலூன்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மெக்கானிக் சிரித்த வேகத்தில் ஃப்ரீசர் மேல்தட்டில் மண்டையை இடித்துக்கொண்டார்.

பிறகு ஒன்றையும் மறைக்க வேண்டியிருக்கவில்லை. மேஜையில் நடந்த பேச்சு, தையல் கத்தரி, காய்கறிச் சந்து எல்லாவற்றையும் மெக்கானிக் சொன்னார். சந்து வழியாகச் சிலிண்டர் தூக்கிக்கொண்டு போனதைக் கேட்டு சலூன்காரர் தலையில் அடித்துக்கொண்டார். அப்புறம் அவரை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, முடியை விரலால் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். சீப்பைப் பிடிக்கத் தெரியவில்லை, ஆனால் கை நடுங்கவில்லை, அது பெரிய விஷயம் என்றார்.

ஓட்டையை அடைத்து, கேஸ் ஏற்றியாயிற்று. கதவு ரப்பர்தான் பாக்கி. மாற்றினால் செலவு. சலூனிலிருந்து முடி உலர்த்தும் டிரையரை எடுத்துவரச் சொன்னார் மெக்கானிக். ரப்பரின் நாலு பக்கமும் சூடு காட்டி, இளகியதும் விரலால் இழுத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். இறுக்கமாக ஒட்டிக்கொண்டது. இருபது வருஷமாக இதைக் கையில் வைத்திருக்கிறேன், இது இதற்கெல்லாம் ஆகும் என்று தெரியாமல் போயிற்றே என்று சலூன்காரர் டிரையரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஐஸ் கட்டினால் கத்தி வேண்டாம், ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டு ஒரு பாத்திரம் வெந்நீர் உள்ளே வைத்தால் போதும் என்பதையும் மெக்கானிக் அந்தம்மாவிடம் சொல்லி வைத்தார். கேஸ் வாங்கிய விலையை மட்டும் எடுத்துக்கொண்டார். கூலி என்று ஒன்றும் வாங்கவில்லை.

சலூன்காரருக்கு அது பொறுக்கவில்லை. "இந்த வருஷம் பூரா நீ காசு குடுக்க வேணாம். வந்து உக்காரு, வெட்டிக்கிட்டுப் போ" என்றார்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் இதைச் சொல்லியிருந்தால் மெக்கானிக் துள்ளிக் குதித்திருப்பார். இப்போது கருவிகளைத் துடைத்துப் பைக்குள் வைப்பதிலேயே மும்முரமாக இருந்தார். மனசில் பால்கனி இருந்தது. பல்வலிக்காரப் பெண்ணின் கதை போன ஞாயிறு பாதியில் நின்றிருந்தது. கல்யாணப் பேச்சு அடிபடுகிற இடம்வரை வந்திருந்தது.

"இல்லண்ணே" என்றார், தரையைப் பார்த்தபடி. "அவ வெட்டறப்ப பேசிக்கிட்டே வெட்டுவா. எனக்கு அது நல்லாருக்கு."

சலூன்காரர் அவரையே பார்த்தார். கேலி ஏதோ வாய்வரை வந்தது, விழுங்கிக்கொண்டார்.

"வேணும்னா அவளுக்குக் கொஞ்சம் சொல்லிக்குடுங்க" என்றார் மெக்கானிக்.

தன் வாடிக்கையைத் தானே கெடுத்துக்கொள்ளப் பாடம் வேறு எடுக்க வேண்டுமா என்று சலூன்காரர் கேட்டார். ஆனால் கேட்ட விதத்திலேயே சம்மதம் தெரிந்தது. பேசி ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள்: ஒருமுறை வீட்டில், ஒருமுறை சலூனில். சலூனில் வெட்டினால் கூலி கொடுத்தே தீருவேன் என்று மெக்கானிக் பிடிவாதமாக நின்றார். பாதிச் செலவு மிச்சம். மனைவி அதற்கு ஒத்துக்கொள்வாள்.

மனைவி ஒத்துக்கொண்டாள். சலூனுக்குப் போய்ப் படிப்பதற்குத்தான் வெட்கப்பட்டாள். மகள்தான் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பி வைத்தாள். கூட்டமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், பேக்கரி வேலை முடிந்து, முழங்கையில் ஒட்டிய மாவைக்கூடச் சரியாகத் துடைக்காமல் வந்து நின்றாள். மெக்கானிக்கும் கூட வந்திருந்தார். அவர் தலையில் வெட்டுவதற்கு அப்போது ஒன்றும் இல்லை.

"என் தலையில வெட்டுங்க தங்கச்சி" என்றார் சலூன்காரர். ஊருக்கெல்லாம் வெட்டுகிறவருக்குத் தன் தலைக்கு இன்னொரு கடைக்குத்தான் போக வேண்டியிருந்தது. அதுவும் ஒரு செலவு. துணியைத் தானே கழுத்தில் போட்டுக்கொண்டு, தன் நாற்காலியில், கண்ணாடியைப் பார்த்து உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் இரண்டு கைப்பிடியையும் தடவிப் பார்த்தார். வெட்டிக்கொள்கிறவராக அதில் அவர் உட்கார்ந்ததே கிடையாதாம்.

சீப்பைப் படுக்க வைக்காதே, நிமிர்த்திப் பிடி. சீப்புக்கு மேலே வருவதை மட்டும் வெட்டு. கீழிருந்து மேலே போ, நடுவில் நிற்காதே, நின்றால்தான் படி விழும். சொல்லச் சொல்ல அவள் வெட்டினாள். கத்தரிச் சத்தம் முதலில் தயங்கித் தயங்கி வந்தது. போகப் போக ஒரே சீராகியது. மெக்கானிக் பெஞ்சில் உட்கார்ந்து, எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிடரி வழவழவென்று இறங்கிக்கொண்டிருந்தது.

சலூன்காரரின் குரல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. அப்புறம் நின்றே போனது.

"அண்ணா, இந்தப் பக்கம் சரியா வருதா?" என்று கேட்டாள். பதில் இல்லை. மறுபடியும் கேட்டாள். கலவரத்தோடு குனிந்து முகத்தைப் பார்த்தாள். சலூன்காரர் வாய் லேசாகத் திறந்திருக்க, நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

எழுப்பவா என்று கண்ணாலேயே மெக்கானிக்கைக் கேட்டாள். வேண்டாம், வெட்டு என்று அவர் கையைக் காட்டினார். அவள் மறுபக்கத்துக்கு நகர்ந்து, சீப்பை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து ஒருவர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். நாற்காலியில் சலூன்காரரையும், பின்னால் கத்தரியோடு நிற்கிற மெக்கானிக்கின் மனைவியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கடை கை மாறிவிட்டதா என்று கேட்டார்.

மெக்கானிக் பெஞ்சில் தள்ளி உட்கார்ந்து அவருக்கு இடம் விட்டார். "இல்லைங்க. சும்மா உக்காருங்க, அவரு இப்ப எந்திரிச்சிடுவாரு" என்றார்.