கடைசி வகுப்பறைக்குப் போகும் தாழ்வாரம்

நடுநிலைப் பள்ளியின் கீழ்த்தளத் தாழ்வாரம், அந்த வருடம் பள்ளி திறந்த நாளிலிருந்து, தினம் ஒரு சாண் நீண்டது. அதை முதலில் கவனித்தவர் மராமத்து. கல்வி மாவட்டத்தின் பதினோரு பள்ளிக் கட்டடங்களில் கதவு, குழாய், ஓடு, விளக்கு எல்லாம் அவர் பொறுப்பு. எல்லாரும் அவரை மராமத்து என்றே கூப்பிட்டுக் கூப்பிட்டு, சொந்தப் பெயரைக் கேட்டால் அவரே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார். அந்தத் தாழ்வாரத்தில் இருபத்திரண்டு குழல்விளக்குகள் என்பது அவருக்கு மனப்பாடம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை இருபத்துமூன்று இருந்தன. கூடுதலாக வந்த விளக்கு புதியதும் அல்ல. ஓரம் கறுத்துப்போய்க் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. அதை ஒட்டி முளைத்திருந்த சுவரும் பச்சைப் பெயின்ட் உரிந்து, இடுப்புயரத்தில் புத்தகப் பைகள் உரசிய கறை படிந்து, யாரோ யாரையோ கழுதை என்று பென்சிலால் கிறுக்கியதோடு சேர்ந்தே வந்திருந்தது. மராமத்து ஏணியைப் போட்டு முதலில் விளக்கை மாற்றினார். வியப்பதை அப்புறம் வைத்துக்கொண்டார்.

வெளியிலிருந்து அளந்தால் கட்டடம் வரைபடத்தில் உள்ள அறுபத்தாறு மீட்டர்தான். பொறியாளர் இரண்டு முறை வந்து அளந்து, "வெளியில எல்லாம் சரியா இருக்குங்க, உங்க டேப்பு சுருங்கிப்போச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார். தாழ்வாரத்தின் கடைசியில் ஒரே ஒரு வகுப்பறை. அதில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்தொரு பேர், ஒரு டீச்சர். மராமத்தின் மகள்தான் அந்த வகுப்புக்கு லீடர். தோட்டத்துப் பக்கம் ஏணி வைத்து ஜன்னல் வழியாக அந்த அறைக்குள் இறங்கிப் பார்த்தார் மராமத்து. பெஞ்சுகள் இருந்தன, கரும்பலகையில் அன்றைய தேதி இருந்தது, மகளின் தண்ணீர்ப் பாட்டில்கூட மூன்றாவது வரிசையில் இருந்தது. பிள்ளைகள் மட்டும் இல்லை. தாழ்வாரத்தில் நடந்து போய் அதே அறையின் கதவைத் திறந்தால் முப்பத்தொரு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆக, ஜன்னல் வழி உதவாது, நடந்துதான் போக வேண்டும் என்று குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

முதல் வருடம் பிள்ளைகள் தாமதமாக வந்ததற்குத் திட்டு வாங்கினார்கள். பிறகு வீட்டிலிருந்து சீக்கிரம் கிளம்பினார்கள். இரண்டாம் வருடம் தாழ்வாரத்துக்குள் சைக்கிள் விட அனுமதி கிடைத்தது. அதற்குள் சாண் முழமாகி, முழம் கஜமாகி, கஜம் மைலாகிக்கொண்டிருந்தது. போய் வர நேரம் போதாததால் அதே அறையில் உட்கார்ந்தபடியே ஏழாம் வகுப்பு எட்டாம் வகுப்பானது. பின்னர் பிள்ளைகள் வாரம் முழுக்க அங்கேயே தங்கி விடுமுறைக்கு மட்டும் வந்தார்கள். பின்னர் பெரிய விடுமுறைக்கு மட்டும். பின்னர் பெரிய விடுமுறையிலும் பாதி வழியிலேயே தீர்ந்துபோக ஆரம்பித்தது. சமையற்கூடத்திலிருந்து தினமும் ஒரு தள்ளுவண்டி புறப்படும். எத்தனை நாள் கழித்துப் போய்ச் சேர்ந்தாலும் சாப்பாடு சூடு ஆறாமல் இருந்தது. அதனால் சுகாதாரத் துறையும் ஆட்சேபணை சொல்லவில்லை.

அறையை மாற்றியிருக்கலாமே என்று யாருக்கும் தோன்றும். மராமத்துக்கும் தோன்றியது. கல்வி வாரியத்தின் மாதக் கூட்டத்தில் முதல் அயிட்டம் மாணவர் பாராட்டு, இரண்டாவது கட்டடப் பராமரிப்பு, மூன்றாவது தொலைநோக்குத் திட்டம். இரண்டாவதில் அவர் எழுந்து விஷயத்தைச் சொன்னார். திட்ட அதிகாரி நல்ல மனிதர், எதற்கும் கோபப்பட மாட்டார். "அறை ஒதுக்கீடு தொலைநோக்குத் திட்டத்துல வருதுங்க. அது ஏற்கெனவே அஞ்சு வருஷத்துக்கு நிறைவேறிடுச்சு. அடுத்த திட்டத்துல கண்டிப்பா பரிசீலிப்போம்" என்றார். தலைவர் அதற்கும் ஒரு படி மேலே போனார். வாய்ப்பாடும் செய்யுளும் சொல்லிக்கொண்டே நடந்து பழகியதில் அந்த வகுப்பு மாவட்டத்திலேயே முதலிடத்துக்கு வந்திருந்தது. "நல்லா ஓடுற வண்டிய எதுக்கு நிறுத்திப் பார்க்கணும்?" என்று கேட்டு, அந்த வகுப்புக்கு முன்மாதிரி வகுப்பு என்று பட்டமும் கொடுத்தார். எல்லாரும் கைதட்டினார்கள். மராமத்தும் தட்டினார். மகள் படிக்கிற வகுப்பு, தட்டாமல் எப்படி?

அதன் பிறகு மாதம் தவறாமல் மேடையில் மகளின் பெயர் அறிவிக்கப்பட்டது. ஒரு மாதம் ஒழுங்கு, ஒரு மாதம் கையெழுத்து, ஒரு மாதம் தலைமைப் பண்பு. முதல் சில மாதங்கள் அவள் விழாவுக்கென்று கிளம்பி வந்தாள். வந்து சேரும்போது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் அவள் கிளம்புவதில்லை. பெயரைச் சொல்வார்கள், காலி மேடைக்குக் கைதட்டல் விழும், மராமத்து ஏறிப் போய்ச் சான்றிதழை வாங்கிக்கொண்டு புகைப்படத்துக்கு நிற்பார். அவர் மனைவி தையல்காரி. ஆரம்பத்தில் ஒவ்வொரு சான்றிதழுக்கும் சட்டம் போட்டு, மெஷினுக்கு எதிர்ச் சுவரில் மாட்டி, துணி கொடுக்க வருகிறவர்களிடம் காட்டிக்கொண்டிருந்தாள். பதினெட்டாவதை அவர் கொண்டுவந்தபோது அவள் ஆணி தேடவில்லை.

"சுவர் நிறைஞ்சுபோச்சு. பிள்ளை எங்க?" என்றாள்.

மராமத்து சான்றிதழைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"ஊர்ல இருக்கிற கதவெல்லாம் ரிப்பேர் பண்ற மனுஷன், சொந்தப் பொண்ணை ஒரு கதவுக்கு இந்தப் பக்கம் கொண்டுவர முடியல. போய்க் கூட்டிட்டு வாங்க."

மூன்றாம் வருட நடுவில் அவர் பள்ளி மாறுவதற்கான விண்ணப்பத்தைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு புறப்பட்டார். அதில் வகுப்பாசிரியை கையெழுத்துப் போட வேண்டும். போகிற வழிதானே என்று இரண்டு பெட்டி விளக்கும் குழாய் வாஷர்களும் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டார். ஏழு நாள் நடந்தார். இரண்டு பக்கமும் பச்சைச் சுவர், தலைக்கு மேலே விளக்கு, நூறு அடிக்கொரு குடிதண்ணீர்க் குழாய். குழாய்கள் எல்லாமே முளைக்கும்போதே சொட்டிக்கொண்டு முளைத்தவை. சொட்டுகிறதைப் பார்த்துவிட்டு அப்படியே கடந்துபோக அவருக்கு மனம் வரவில்லை. அந்த நிறுத்தங்களால் எவ்வளவு நேரம் வீணாயிற்று என்று பிற்பாடு அவர் பல தடவை மனதுக்குள் கணக்குப் போட்டார்.

கதவைத் திறந்தபோது மகளை உடனே அடையாளம் தெரியவில்லை. பாவாடை முழங்காலுக்கு ஏறியிருந்தது, சட்டைக் கை மணிக்கட்டை விட்டு மேலே போயிருந்தது. குரலும் கொஞ்சம் டீச்சர் குரல் மாதிரி ஆகியிருந்தது.

"அப்பா! என்னப்பா இவ்வளவு தூரம்?" என்றவள், "வந்ததுதான் வந்தீங்க, அந்த ரெண்டாவது லைட்டு ஒரு வருஷமா எரியல" என்றாள்.

விளக்கை மாற்றிவிட்டு விண்ணப்பத்தை எடுத்தார். டீச்சர் சாக்பீஸ் கையைத் துடைத்துக்கொண்டு அதை இரண்டு தடவை படித்தாள். அவளுடைய தலையில் அங்கங்கே நரை விழுந்திருந்தது. "இவ போயிட்டா எனக்குத்தான் கஷ்டம். ஆனா போகட்டும். ஒருத்தியாவது போகட்டும்" என்று கையெழுத்துப் போட்டு, தேதியும் சுத்தமாக எழுதினாள்.

திரும்பி நடந்த ஆறு நாள்கள்தான் அந்தக் குடும்பத்துக்கு வாய்த்த நல்ல காலம் என்று சொல்ல வேண்டும். அவர் குழாய்களைத் தொடாமல் நடந்தார். மகள் வாய் ஓயாமல் பேசினாள். வகுப்பில் யார் யார் சண்டை, யார் தூக்கத்தில் பாடுவாள், கடைசி பெஞ்சுக்காரன் ஜன்னலுக்கு வெளியே தெரிகிற வெட்ட வெளிக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருக்கிறான் என்று எல்லாம் சொன்னாள். நான்காம் நாள் கால் வலிக்கிறது என்றாள். பதினைந்து வயதுப் பெண்ணை முதுகில் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க இருபது விளக்குத் தூரம் நடந்தார். "இறக்கி விடுங்கப்பா, நீங்கதான் விழப்போறீங்க" என்று அவள் சிரித்தாள்.

மாவட்ட அலுவலகத்தில் சேர்க்கைப் பிரிவு எழுத்தர் விண்ணப்பத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "ஆசிரியர் கையெழுத்துப் போட்ட தேதியிலிருந்து மூணு நாளுக்குள்ள குடுக்கணுமே சார். இது ஆறு நாளாச்சே" என்றார்.

"அங்கிருந்து நடந்து வரவே ஆறு நாளாகுதுங்க."

"தெரியும் சார். நானும்தான் கூட்டத்துல கைதட்டிருக்கேன். ஆனா ஃபாரம்ல மூணுன்னு இருக்கு. டீச்சர்கிட்ட திருப்பித் தேதி போட்டு வாங்கிட்டு வாங்க, உடனே முடிச்சுக் குடுத்துடறேன்." அந்த எழுத்தரும் கெட்டவர் இல்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

மகள் அன்று மத்தியானம் வீட்டில் இருந்தாள். தாய் அவளை ஸ்டூலில் நிற்க வைத்து, பாவாடை மடிப்பைப் பிரித்து இறக்கித் தைத்தாள். ஊசியை வாயில் கவ்விக்கொண்டு, "படிப்பே வேண்டாம். வீட்டிலயே இரு. எனக்குப் பட்டன் துளைக்குக் காஜா எடுக்க ஆள் வேணும்" என்றாள்.

"அங்க முப்பது பேர் இருக்காங்கம்மா. காலையில யார் பெயர் கூப்பிடுவா? டீச்சருக்குக் கண்ணு சரியாத் தெரியல. ரிஜிஸ்டர் நான்தான் படிக்கிறேன்" என்றாள் மகள். தாய் கணவனைப் பார்த்தாள். போக வேண்டாம் என்று ஒரு வார்த்தை அவர் சொல்லியிருந்தால் பெண் இருந்திருப்பாள் என்று அவள் கடைசிவரை நம்பினாள். அவர் குனிந்து, ஆடிக்கொண்டிருந்த ஸ்டூல் காலை இறுக்கினார். மகள் இரண்டு பெட்டி சாக்பீசும் ஒரு மூக்குக்கண்ணாடியும் எடுத்துக்கொண்டு தள்ளுவண்டியோடு போனாள். இருபத்துமூன்றாவது விளக்கு வரை அவர் கூடப் போனார்.

அந்த மாதக் கூட்டத்தில் பொதுமக்கள் பேசுவதற்கான மூன்று நிமிடத்தை அவர் எழுதிக் கொடுத்து வாங்கினார். எழுதி வைத்திருந்த தாளை விட்டுவிட்டு, "நீளத்தைக் குறைக்க முடியாதுன்னு எனக்குத் தெரியும். நான் மூணு வருஷமா பார்க்கிறேன். ரூமை மாத்திடுங்க. இல்லேன்னா அந்த மூணு நாளை முப்பதுன்னு திருத்துங்க. ஒரு சைபர்தான்..." என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்தது. தலைவர் உருக்கமாகத் தலையாட்டினார். தாழ்வாரம் எவ்வளவு நீண்டாலும் ஒரு விளக்குகூட எரியாமல் இருந்ததில்லை என்பதைச் சுட்டிக்காட்டி, மராமத்துக்குச் சிறந்த பராமரிப்பாளர் சான்றிதழை அங்கேயே வழங்கினார். மகளுக்கு முழு வருகைச் சான்றிதழ். வீட்டுக்கு வந்து போன நாள்களைப் பணி நிமித்தம் என்று கருதுவதாகத் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. புதிய தொலைநோக்குத் திட்டம் மறுவருடம் அச்சாகி வந்தது. அதில் தாழ்வாரத்துக்குத் தனி அத்தியாயமே இருந்தது. மாவட்டத்தின் வேகமாக வளர்ந்துவரும் கட்டமைப்பு என்று அதற்குத் தலைப்பு.

அடுத்த முறை அவர் புதிய விண்ணப்பத்தோடு கிளம்பியபோது ஒன்பது நாள் நடந்தும் கதவு கண்ணில் படவில்லை. எதிரே வந்த தள்ளுவண்டிக்காரன், இன்னும் இவ்வளவு தூரம் இருக்கிறது என்று கை விரித்துக் காட்டினான். கையில் விளக்கும் தீர்ந்திருந்தது. திரும்பிவிட்டார்.

இரண்டு வருடம் கழித்து அவர்கள் வாடகை வீட்டைக் காலி செய்துகொண்டு தாழ்வாரத்துக்குள் குடிபோனார்கள். நுழைவாயிலிலிருந்து ஒரு நாள் நடையில், குழாயடி ஓரம், தையல் மெஷின் போட வாகாக ஓர் இடம் இருந்தது. பள்ளி நிர்வாகம் ஒன்றும் சொல்லவில்லை. விளக்கு மாற்றுகிறவர் பக்கத்தில் இருப்பது நல்லதுதானே. தையல் துணிகள் தள்ளுவண்டியில் வந்தன, தைத்ததும் திரும்பிப் போயின. சான்றிதழ்கள் ஒரு தகரப் பெட்டியில் கிடந்தன.

அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவள் மனைவிதான். மெஷினை நிறுத்தினால் அங்கே மகளின் குரல் கேட்கிறது. காலையில் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுகிறாள், ஒவ்வொன்றுக்கும் உள்ளேன் என்று பதில் வருகிறது, கடைசியில் தன் பெயரைத் தானே கூப்பிட்டுத் தானே பதில் சொல்கிறாள். குரல் வந்து சேர இப்போதைக்கு இரண்டு நாளாகிறது; திங்கட்கிழமைப் பெயர்கள் புதன்கிழமை கேட்கின்றன. தாய் முப்பத்தொன்றையும் விரல் விட்டு எண்ணிவிட்டு மெஷினை மிதிக்கத் தொடங்குவாள். சனி, ஞாயிறு பள்ளி விடுமுறை. அதனால் திங்களும் செவ்வாயும் அவர்களுக்கு ஒன்றும் கேட்பதில்லை. அந்த இரண்டு நாள்களில்தான் மராமத்து ஏணியை எடுத்துக்கொண்டு விளக்கு மாற்றப் போவார்.