கதவு பூட்டியிருந்தது

கறுப்புக் கவுன் மாட்டி இருபத்தாறு வருஷம் ஆகிறது. எப்போதும் வீட்டுக்காரர்கள் பக்கம்தான் நிற்பேன். குடியிருப்பவர்களைக் காலி செய்ய வைப்பதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று கோர்ட் கேன்டீனில் பேசிக்கொள்வார்கள். கேட்டால் எனக்கும் பெருமையில் தலைகால் புரியாது.

அந்தப் பேரை வாங்கிக் கொடுத்தது ஒரே ஒரு வழக்கு. காலி செய்யச் சொல்லி ஒரு குடும்பத்துக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினேன். 'கதவு பூட்டியிருந்தது' என்ற குறிப்போடு உறை திரும்பி வந்தது. திரும்பி வந்தாலும் கிடைத்த மாதிரிதான் என்று வாதாடி ஜெயித்தேன். தீர்ப்பு சட்டப் புத்தகத்தில் அச்சானது, என் பேரும் ஏறியது. அந்த வாரம் அந்தக் குடும்பமே ஆஸ்பத்திரியில் கிடந்தது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அந்த வாரமாகப் பார்த்து அனுப்பினேன். நீதிபதியிடம் மூச்சு விடவில்லை.

போன மாதம் என் தங்கை சம்மனோடு வந்து நின்றாள். அவள் புருஷனின் இடுப்பு ஆபரேஷனுக்காக மூன்று வாரம் ஆஸ்பத்திரியிலேயே இருந்திருக்கிறாள். அவள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் அனுப்பிய நோட்டீஸ் திரும்பிப் போய், கெடுவும் தாண்டிவிட்டது. படியேற முடியாத மனுஷனை வைத்துக்கொண்டு இன்னொரு கீழ்வீடு தேடுவது லேசில்லை.

"நீ இருக்கும்போது எனக்கென்னண்ணா பயம்?" என்றாள்.

முதல்முறையாகக் குடியிருப்பவர் பக்கம் நின்றேன். நோட்டீஸை என் கட்சிக்காரர் கண்ணாலேயே பார்க்கவில்லை என்று முழங்கினேன். எதிர்த்தரப்பு வக்கீலம்மா அலட்டிக்கொள்ளாமல் ஒரு தடிப் புத்தகத்தைப் பிரித்து என் தீர்ப்பை வரி விடாமல் படித்தார். கடைசியில் வாதாடியவர் பேரையும் படித்தார். கோர்ட்டே சிரித்தது.

"இதுக்கு என்ன சொல்றீங்க?" என்று நீதிபதி கேட்டார்.

சொல்ல ஒன்று இருந்தது. அன்று மறைத்ததை இன்று போட்டு உடைத்திருந்தால் அந்தத் தீர்ப்பு ஆட்டம் கண்டிருக்கும். கூடவே நானும். பின்வரிசையில் தங்கை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சொல்ல வேற ஒண்ணும் இல்லைங்கய்யா" என்று உட்கார்ந்துவிட்டேன். வெட்கம் பிடுங்கித் தின்றது, ஆனாலும் எழுந்திருக்கவில்லை. ஒரு மாதத்தில் காலி செய்ய உத்தரவானது.

வராந்தாவில் அவள் அழவில்லை.

"அண்ணா, அந்தக் கேஸ்ல அவங்க எங்க போயிருந்தாங்க?"

"ஆஸ்பத்திரிக்கு."

"உனக்கு அப்பவே தெரியுமா?"

கவுனை மடித்துக்கொண்டிருந்தேன். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தேன்.

அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"புது வீட்டு அட்ரஸை உன்கிட்ட சொல்லணுமாண்ணா?" என்று கேட்டுவிட்டுப் படியிறங்கிப் போனாள்.