உமிச் சுவர்

ராயபுரம் கடற்கரையில் மீன் வண்டிகள் திரும்பும் சந்தில் இரண்டு ஐஸ் பேக்டரிகள் முதுகோடு முதுகு ஒட்டி நின்றன. ஒன்றில் மெஷின் ஓட்டியவன் அம்புரோஸ், மற்றதில் ராசையா. காலையில் ஒரே டீக்கடையில் ஒருவரையொருவர் கிண்டல் செய்துவிட்டுத்தான் இருவரும் வேலைக்குப் போவார்கள்.

அம்புரோஸுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. உள்ளே நுழையும் முன் வெளிச்சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பான். சித்திரை வெயிலிலும் சுவர் நனைந்திருக்கும். ஐஸ் அறையின் குளிர் செங்கல் வழியாகத் தப்பித்துத் தெருவுக்கு வந்துகொண்டிருக்கிறது என்று அதற்கு அர்த்தம். அந்த ஈரக் கையைக் கைலியில் துடைக்கும்போதெல்லாம் யாரோ தன் பாக்கெட்டில் கை விட்டதுபோல அவனுக்கு இருக்கும். மெஷின் இரவும் பகலும் ஓடியது. ஓடியதில் மூன்றில் ஒரு பங்கு இந்தச் சுவரின் வேர்வைக்காக.

எழுபத்தோராம் வருஷக் கடைசியில் முதலாளி சண்முகவேலிடம் போய் நின்றான். அவர் திருச்செந்தூர்ப் பக்கத்து ஆள், எல்லோருக்கும் அண்ணாச்சி.

"அண்ணாச்சி, செவுத்துக்கு உள்பக்கமா பலகை அட்ச்சி, நடுவுல உமி ரொப்பிட்டா குளிரு வெளிய போவாது. மெஷினு பாதி நேரம் குந்திக்கினு இருக்கும்."

"உமியா? மாட்டுக்குப் போடுத உமியா?"

"செங்குன்றம் மில்லுல சும்மாவே அள்ளிக்கினு போன்னு சொல்றாங்கோ. வண்டிக் கூலி மட்டும் குட்த்தா போதும்."

சண்முகவேல் கொஞ்ச நேரம் மோட்டுவளையைப் பார்த்தார். "சரிவே, செய்யும். கெட்டுப்போச்சுன்னா உம்மத்தான் அதுக்குள்ள வச்சு அடைப்பேன்."

வேலைக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. அம்புரோஸ் தன் மனைவி பிலோமியின் தம்பி ஹென்றியைக் கூப்பிட்டான். ஹென்றி துறைமுகத்தில் தினக்கூலி. கப்பல் வந்தால் சோறு, வராவிட்டால் அக்கா வீடு. "இந்தச் செவுரு நின்னுச்சின்னா ஐஸு பிடிக்க ரெண்டாவது தொட்டி போடுவாரு அண்ணாச்சி. நீ அங்க பெர்மனென்டு. நான் கேரண்டி" என்று பிலோமியின் எதிரிலேயே சொன்னான். பிலோமி அன்று கணவனுக்கு மீன் தலையை எடுத்து வைத்தாள்.

ஆறு வாரம் ஆனது. துறைமுக ஏலத்தில் வந்த பெட்டிப் பலகைகளை வாங்கினார்கள். அவற்றில் எந்த ஊர் என்று தெரியாத எழுத்துகள் கறுப்பாக அச்சாகியிருந்தன. அம்புரோஸ் எழுத்துள்ள பக்கத்தை அறைக்குள் தெரியும்படி வைத்து ஆணி அடித்தான். பனி கொட்டும் தேசத்திலிருந்து வந்த பலகைக்கு இந்தக் குளிர் பழகியதாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான், யாரிடமும் சொல்லவில்லை. ஈரம் ஏறினால் உமி கெட்டுவிடும் என்பதால் தார் காய்ச்சிச் சாக்கில் பூசி, அதைச் சுவரோடு ஒட்டினார்கள். பிறகு உமி. ஹென்றி மேலிருந்து கொட்ட, அம்புரோஸ் கட்டையால் குத்திக் குத்தி இறுக்கினான். இருவரும் ஞாயிறு பூசைக்குப் போனால்கூடத் தலைமுடியிலிருந்து உமி உதிர்ந்தது.

ராசையா எட்டிப் பார்த்துச் சிரித்தான். "இன்னா மாமு, ஐஸு பேக்டரியா கோயிப் பண்ணையா? முட்டை எப்போ?"

"பொரிச்சதும் உனுக்குத்தான் மொதல் குஞ்சு."

வேலை முடிந்த நாலாம் நாள் அம்புரோஸ் வெளிச்சுவரில் கை வைத்தான். சுவர் வெயிலில் சுட்டது. காய்ந்திருந்தது. அவன் கையை எடுக்கவே இல்லை. டீக்கடைக்காரர் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப் போனார்.

எழுபத்திரண்டு முழுக்க அவனுக்கு நல்ல வருஷம். ஐஸ் குறையவில்லை. ஆனால் மெஷின் ஒரு நாளில் எட்டு மணி நேரம் சும்மா இருந்தது. மின்சார மீட்டர் மூன்றில் ஒரு பங்கு குறைத்துக் காட்டியது. சண்முகவேல் வருகிறவர்களிடமெல்லாம் சுவரைத் தட்டிக் காட்டினார். ஹென்றிக்கு ஐஸ் கட்டி தூக்கும் வேலை போட்டுக் கொடுத்தார். "தை பொறக்கட்டும், ரெண்டாவது தொட்டி" என்றார்.

தை பிறந்தது. மழை பொய்த்து அணைகளில் தண்ணீர் இல்லை. மாசியில் மின்சார வெட்டு உத்தரவு வந்தது. ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் போன வருஷம் எரித்த மின்சாரத்தில் பாதிதான்.

முதலில் அம்புரோஸுக்கு அது விளங்கவில்லை. எல்லோருக்கும் பாதி என்றால் நியாயம்தானே என்று நினைத்தான். ஒரு வாரம் கழித்துத்தான் உறைத்தது. ராசையாவின் பேக்டரி போன வருஷம் தெருவுக்கெல்லாம் குளிரைக் கொட்டி எரித்தது. அதில் பாதி என்பதே ஒரு நல்ல அளவு. இவனிடம் குறைப்பதற்கு என்ன மிச்சம்? குறைக்க வேண்டியதையெல்லாம் முன்கூட்டியே குறைத்தாகிவிட்டது.

தொட்டியில் தண்ணீர் ஊற்றி உறையவைக்கும் கேன்களில் பாதியைக் காலியாகப் போட்டார்கள். மீன்காரிகள் பின்பக்கம் ராசையாவிடம் போனார்கள். ஐஸ் தூக்குகிற நாலு பேரில் இரண்டு பேருக்கு வேலை இல்லை. கடைசியாகச் சேர்ந்தவன் ஹென்றி.

சுவர் வேலையும் மெஷின் ஓடிய கணக்கும் எழுதி வைத்த நோட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு அம்புரோஸ் மின்சார ஆபீசுக்குப் போனான். அங்கே இருந்த இன்ஜினீயர் ராமசுப்பு மோசமான மனிதர் இல்லை. நாற்காலி போடச் சொன்னார். நோட்டைப் பக்கம் பக்கமாகப் படித்தார்.

"தாரை சாக்குல பூசினீங்களா, நேரா சுவத்துலயா?"

"சாக்குலதான் சார். செவுத்துல பூசுனா வெடிச்சிப்பூடும்."

"நல்ல மூளை." நோட்டை மூடி அவன் பக்கம் தள்ளினார். "ஆனா பாருங்க, எனக்கு வந்திருக்கிற ஃபாரத்துல, போன வருஷம் எவ்வளவு எரிச்சீங்கன்னு ஒரு கட்டம் இருக்கு. எவ்வளவு எரிக்காம இருந்தீங்கன்னு எழுத கட்டம் இல்லை."

"நீங்களா ஒரு கட்டம் போட்டு எழுதக்கூடாதா சார்?"

ராமசுப்பு சிரிக்கவில்லை. "மேல எழுதி அனுப்பறேன். பதில் வர்றதுக்குள்ள மழை வந்துடும்."

திரும்பி வந்தபோது ராசையா சந்தில் காத்திருந்தான். அவன் முகத்தில் கிண்டல் இல்லாதது அம்புரோஸுக்கு ஏதோபோல் இருந்தது.

"மாமு, எங்க மொதலாளி சொல்றாரு, அந்த உமி வேலைய இங்கியும் செய்யணுமாம். அத்த செஞ்சிட்டா பாதி கரண்டுலயே முக்காவாசி ஐஸு எடுத்துடலாமாம். கத்துக்குடேன்."

அம்புரோஸ் சொல்லிக் கொடுத்தான். வேறென்ன செய்வது, தோஸ்து கேட்கிறான். ஹென்றி ஆறு வாரம் அங்கே போய்ச் சுவர் கட்டினான். கட்டி முடிந்ததும் அவனை அனுப்பிவிட்டார்கள். அவன் துறைமுகத்தில் கரி இறக்கும் யார்டுக்குப் போனான். ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது இருமினான். பிலோமி தட்டை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போவாள். அவள் திட்டியிருந்தால் அம்புரோஸுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ஆடியில் மலையில் மழை கொட்டியது. மின்வெட்டை எடுத்துவிட்டார்கள். இனி ஹென்றியைக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று அம்புரோஸ் கேட்கப் போனபோது, சண்முகவேல் வண்ணாரப்பேட்டை வியாபாரிகள் கூட்டத்திலிருந்து வேர்த்து விறுவிறுக்க வந்து இறங்கினார்.

"அடுத்த வருஷமும் வெட்டு உண்டாம். ஆனா கணக்கு மாறுதாம். இப்பமிருந்து மூணு மாசத்துல எவன் எவ்வளவு எரிக்கானோ, அதுல பாதியாம்."

"யாரு சொன்னாங்கோ அண்ணாச்சி?"

"எல்லாரும் சொல்லுதாவ." அவர் ஐஸ் அறையைக் கையால் காட்டினார். "அந்தக் கதவத் தொறந்து போடும். மெஷின நிறுத்தாம ஓட்டும்."

"சும்மா தெருவுக்கா?"

"தெருவுக்குத்தான்."

"என் கையால முடியாது அண்ணாச்சி."

சண்முகவேல் சத்தம் போடவில்லை. "ஒம் மச்சினன் திரும்ப வரணுமா வேண்டாமாவே?"

அம்புரோஸ் கதவைத் திறந்தான்.

குளிர் வெள்ளைப் புகையாகத் தரையோடு தவழ்ந்து வாசலைத் தாண்டிச் சந்தில் இறங்கியது. முதலில் நாய்கள் வந்தன. பிறகு வண்டி இழுக்கிறவர்கள். எதிர்ச் சாரியில் ஆப்பம் சுடும் ரஹீமுன்னிசா, வேர்க்குரு கொப்புளித்து ராவெல்லாம் அழும் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் உட்கார்ந்தாள். குழந்தை ஐந்து நிமிஷத்தில் தூங்கிவிட்டது.

"அல்லா உனுக்கு ஒரு கொறையும் வெக்கமாட்டாரு நைனா" என்றாள்.

அம்புரோஸ் மீட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றான். சக்கரம் சுற்றியது. ஆனாலும் போதவில்லை. சுவர் இன்னும் குளிரைப் பிடித்து வைத்திருந்தது, சொன்னால் கேட்காத வேலைக்காரனைப் போல. அடுத்த வாரம் சண்முகவேல் கடப்பாரையைக் கொண்டுவரச் சொன்னார்.

வேறு யாரையும் அவன் விடவில்லை. பலகை உடையாமல், தானே ஒவ்வொரு ஆணியாகப் பிடுங்கினான். யார்டிலிருந்து திரும்பும் வழியில் ஹென்றி வந்து நின்றான். கண்ணும் பல்லும் தவிர எல்லாம் கரி.

"இன்னா மாமா இது, நாம கட்னதாச்சே."

"உனுக்காவத்தாண்டா."

ஹென்றி குனிந்தான். கீழே கொட்டிய உமியை ஒரு பிடி அள்ளிப் பார்த்தான். காய்ந்து, புதிதாக, மஞ்சளாக இருந்தது. உமியைச் செங்கல் சூளைக்காரன் வண்டியில் வாரிப்போட்டுக்கொண்டு போனான். மறுநாள் காலையில் வெளிச்சுவர் நனைந்திருந்தது.

மூன்று மாதம் அப்படியே ஓடியது. சந்து முழுக்க அம்புரோஸை வாழ்த்தியது. ஹென்றியை அடுத்த வெட்டு உத்தரவு வந்ததும் எடுத்துக்கொள்வதாகச் சண்முகவேல் சொல்லிவிட்டார். கையில் காகிதம் வரட்டும் என்றார்.

எழுபத்துநாலு பங்குனியில் காகிதம் வந்தது. டைப் அடித்த ஒரே தாள். சண்முகவேல் அதை நின்றுகொண்டே படித்தார், பிறகு உட்கார்ந்து படித்தார். அம்புரோஸிடம் நீட்டினார். அவனுக்கு அதில் எண்கள் மட்டும்தான் புரிந்தன. 1972 என்று போட்டிருந்தது.

"பழைய கணக்கேதானாம்" என்றார். "எழுபத்திரண்டுல எரிச்சதுல பாதி. இந்தத் தடவையும்."

எழுபத்திரண்டு, உமிச் சுவர் நின்ற வருஷம்.

சுவர் இல்லாமல் அந்த மின்சாரத்தில் ஐஸ் பிடிக்கவில்லை. கேனைக் கவிழ்த்தால் ஓரங்களில் மட்டும் உறைந்து, நடுவே தண்ணீர் கலகலத்து நின்றது. மறுபடி உமி அடைக்கலாம் என்று அம்புரோஸ் சொன்னான். அண்ணாச்சி தலையை ஆட்டிவிட்டார். அடைத்தாலும் பாதித் தொட்டிதானே, அதுவும் இன்னொரு உத்தரவு வரும்வரை. பத்து நாளில் கேன்களைப் பின்பக்கத்து முதலாளிக்கு விற்றுவிட்டார். மெஷினையும் கேட்டிருக்கிறார்கள். அதை ஒப்படைக்கும்வரை எண்ணெய் போட்டுப் பார்த்துக்கொள்ள அம்புரோஸ் மட்டும் இருந்தான். ஹென்றி கரி யார்டிலேயே தங்கிவிட்டான். ராசையா டீக்கடைக்கு வருவதை நிறுத்திவிட்டான், அல்லது வேறு நேரத்தில் வந்தான்.

சித்திரை பிறந்த மறுநாள், மத்தியானம், அம்புரோஸ் காலி அறையின் கதவைத் திறந்து துரு ஏறிய கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். கதவுச் சத்தம் கேட்டு ரஹீமுன்னிசா ஓடி வந்தாள். இடுப்பில் குழந்தை, இப்போது கனத்துவிட்டது. கழுத்தெல்லாம் மறுபடியும் வேர்க்குரு. போன வருஷத்து இடத்திலேயே காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையின் சட்டையைக் கழற்றி, அதன் முதுகை அறைப் பக்கம் திருப்பிப் பிடித்தாள்.

கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா நைனா," என்றாள், "மெஷினு போடலியா?"

"போடுல."

"எப்போ போடுவே?"

குழந்தை அழத் தொடங்கியது. அம்புரோஸ் எண்ணெய்க் குவளையைக் கீழே வைத்தான். வழக்கம்போல உள்ளங்கையை வெளிச்சுவரில் வைத்துப் பார்த்தான். காய்ந்திருந்தது.